பூட்டு வாங்கிட்ட சரி, சாவி யாருகிட்டலே?

ஏலே தம்பி, இங்ஙன வா. கழுத்துல தொங்குத அட்டையச் சட்டைக்குள்ள போட்டுட்டு இப்படித் திண்ணையில உக்காரு. ஒங்க கம்பெனியில ஃபைலுகளப் பத்திரமா வைக்கதுக்குன்னு கோடிக்கணக்குல என்னமோ வாங்கியிருக்காவளாமே? ஒங்கம்மை சொன்னா. அதுக்குப் பெரிய ஓட்டல்ல வச்சுப் பயிற்சியாம், மதியம் பிரியாணியாம், வீட்டுக்குப் போகும்போது ஒரு பையும் தண்ணி பாட்டிலுமாம். நல்லாருக்கட்டும். பூட்டும் நல்ல பூட்டாத்தான் இருக்கும். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். சாவி யாருகிட்ட இருக்கு?

முழிக்கியா? முழி, முழி. முழிச்சாத்தான் விடியும்.

நான் தாலுகா ஆபீசு ரெக்கார்டு ரூமுல தலை நரைச்சவன். கறையான், கரப்பான், கலெக்டர் எல்லாத்தையும் பாத்தவன். நீங்க இங்கிலீசுல நீட்டி முழக்குத பேரெல்லாம் எனக்கு வாயில நொழையாது. ஆனா ஒரு கோப்ப எங்க வைக்கணும், எத்தன வருசம் வைக்கணும், யாருக்குக் குடுக்கணும், குடுத்தத எங்க எழுதணும்னு தெரியும். ஒங்க மேனேஜர் சிலைடு சிலைடா ஓட்டுத சங்கதி பூரா இந்த நாலுக்குள்ள அடங்கிரும். நாலையும் பிழிஞ்சா ஒரே கேள்விதான் மிஞ்சும். எதுக்கு?

இத எதுக்கு வச்சிருக்க? இவனுக்கு எதுக்குக் குடுத்த?

இந்த ரெண்டையும் கேக்கத் தெரிஞ்சவனுக்குப் பாதி மெசினு வேண்டாம். கேக்கத் தெரியாதவனுக்கு எத்தன மெசினும் பத்தாது.

மொதல்ல எட விசயத்துக்கு வருவோம். "தாத்தா, இப்ப ஸ்டோரேஜ் எல்லாம் ரொம்ப சீப்பு"ம்ப. மலிவுதான், இல்லங்கல. மலிவுன்னு குவிச்சு வச்சதத் தேடுததுக்கும் காவல் காக்கதுக்கும் ஆளும் மலிவாக் கெடைக்கானா?

எங்க ஆபீசுல வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து ஒரு முறை உண்டு. டாட்டன்ஹாம் முறைம்பாவ. ஒரு கோப்ப முடிக்கும்போதே அதோட ஆயுச மேல எழுதிரணும். நி.மு.ன்னா நிரந்தரமா இருக்கணும். ப.மு.ன்னா பத்து வருசம். மூ.மு.ன்னா மூணு. ஓ.மு.ன்னா ஒரே வருசம். ஆயுசு முடிஞ்சா கழிச்சுக் கட்டிரணும், கழிச்சதுக்கும் ஒரு கணக்கு இருக்கணும். பட்டா சங்கதியும் பந்தல் போட்ட பில்லும் ஒரே அலமாரியில ஒரே மரியாதையோட உக்கார முடியாது பாத்துக்கோ.

ஒங்க கம்பெனியில எந்த ஃபைலு நெத்தியிலயாவது ஆயுசு எழுதியிருக்கா? எப்பவோ நேர்காணலுக்கு வந்துட்டு வேலை கெடைக்காமப் போனவன் ஆதார் நகலு இன்னும் அங்ஙனதானே கெடக்கு? அவனுக்கே மறந்திருக்கும். 2023-ல போட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்லுது? வாங்குன காரியம் முடிஞ்சா, வேற சட்டம் வைக்கச் சொன்னாலொழிய, அழிச்சுரு. ஒழுங்கா பாதுகாக்காம வெளிய விட்டா அபராதம் 250 கோடி ரூவா வரைக்கும் போகும். இல்லாத ஃபைல எந்தக் கள்ளனாலயும் களவாங்க முடியாது. இதவிடப் பெரிய பாதுகாப்பு எந்தக் கடையில விக்கான்?

அடுத்தது, ஒரே சாமான் ஆயிரம் எடத்துல கெடக்குத கூத்து. போன பொங்கலுக்கு வேட்டி கட்டி ஒரு படம் எடுத்தியளே, அந்தப் படம் 20 எம்.பி.ன்னு வையி. 600 பேருக்கு அனுப்பி, 600 பேரும் அவனவன் போல்டருல போட்டுக்கிட்டா என்னாச்சு? 12 ஜி.பி. ஆச்சு. உள்ள இருக்கது என்ன? அதே வேட்டி.

இதுக்கு நல்ல வழி இருக்கு, அத நான் கொறை சொல்ல மாட்டேன். ஃபைலு மொத்தத்தையும் எஸ்.ஹெச்.ஏ.-256ங்கிற கணக்குல விட்டா 64 எழுத்துல ஒரு கைரேகை வருது. பேர மாத்திப் போட்டாலும் ரேகை மாறாது. உள்ள ஒரு புள்ளி மாறினாப் போதும், ரேகை தலைகீழா மாறிரும். ரெண்டு ஃபைலுக்கு ஒரே ரேகைன்னா ரெண்டும் ஒண்ணுதான்னு, ஒரு பிரதிய வச்சுக்கிட்டு மத்தவனுக்கெல்லாம் அது இருக்க எடத்த மட்டும் மெசினு குறிச்சு வச்சிரும். இன்னும் வெவரமான மெசினு ஃபைலத் துண்டு துண்டா நறுக்கி, மாறுன துண்ட மட்டும் புதுசா வாங்கிக்கிடும்.

சுருக்குததும் லேசுதான். 1977-ல லெம்பல், ஸிவ்னு ரெண்டு இஸ்ரேல்காரங்க வழி சொன்னாவ. ஏற்கெனவே வந்த சொல்லு மறுபடி வந்தா அத எழுதாத, "மேல இன்ன எடத்துல இருக்கு, பாத்துக்கோ"ன்னு குறிப்பு மட்டும் போடு. நீ தட்டுத ஜிப்புக்கு உள்ள ஓடுதது அதோட வாரிசுதான். எங்க கணக்குப்பிள்ளை ஒவ்வொரு வரியிலயும் ஊரு பேர எழுதாம, ௸-ன்னு ஒரு சுழி சுழிச்சுட்டுப் போவாரே, அதேதான். அவருக்கு யாரும் விருது குடுக்கல.

சரி, இப்ப வெளையாட்டுக்கு வாரேன். சுருக்கணும், பூட்டணும். எது மொதல்ல?

யோசி. பூட்டுததுன்னா ஏ.இ.எஸ். பூட்டு, 2001-ல அமெரிக்காக்காரன் தரமா அறிவிச்சது, நல்ல பூட்டு, அதுல சந்தேகமே வேண்டாம். அது நல்ல பூட்டா இருக்கதே உனக்கு இங்ஙன வினை. பூட்டுன ஃபைலப் பாத்தா தலையும் தெரியாது வாலும் தெரியாது, ஒரு சொல்லு திரும்ப வந்த தடமே இருக்காது. தடமே இல்லாததுல எதத் தேடிச் சுருக்குவ? ஆகையினால சுருக்கிப் பூட்டு, பூட்டிச் சுருக்காத. இத ஒங்க மேசையில எழுதி ஒட்டு.

சில கோட்டிக்காரன் என்ன செய்யுதான் தெரியுமா? 600 பேரு லேப்டாப்புலயும் ஆளுக்கொரு சாவியில பூட்டிருதான். அதே பொங்கல் படம் இப்ப 600 வேசத்துல நிக்குது. பொறவு லட்சக்கணக்குல ஒரு மெசினு வாங்கி, "ஒரே மாதிரி இருக்கத மட்டும் கழி"ங்கான். அது தேடித் தேடிப் பாத்துட்டு, "ஒண்ணுகூட ஒரே மாதிரி இல்லீங்க"ங்கு. உடனே மெசினு வித்தவனப் புடிச்சு ஏசுதான். இதுக்கும் மருந்து உண்டு. ஃபைலுக்குள்ளேருந்தே சாவியச் செஞ்சு பூட்டினா, ஒரே ஃபைலு யாரு பூட்டினாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனா, உள்ள என்ன இருக்கும்னு ஊகிக்கத் தெரிஞ்சவன் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு, ஒன்கிட்ட அந்த ஃபைலு இருக்கா இல்லையான்னு ஒப்புப் பாத்துருவான். மருந்துன்னா பத்தியமும் உண்டுல்லா?

அப்புறம், வேர்டு ஃபைலையும் எக்செல் ஃபைலையும் ஜிப்பு பண்ணிட்டு, "எடமே கொறையலயே"ன்னு தலையச் சொறியாத. 2007-லேருந்து வருத டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ரெண்டும் உள்ளுக்குள்ள ஏற்கெனவே ஜிப்புதான். பிழிஞ்ச வேட்டியில எம்புட்டுத்தான் தண்ணி வரும்?

எடத்த விடு. இப்ப ஆளு சங்கதி. இங்ஙனதான் கத நல்லாருக்கும்.

இங்கிலாந்துல வரியும் சுங்கமும் பாக்க இலாகா ஒண்ணு. கொழந்தைகளுக்குக் குடுக்க உதவித்தொகைக் கணக்கு அவங்க கையில. தணிக்கைக்காரங்க கணக்கு கேட்டாவ. கேக்கும்போதே வெவரமாத்தான் கேட்டிருக்காவ. பேங்கு நம்பரு, விலாசம் இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம், வெட்டிட்டுக் குடுங்கன்னு. இலாகா என்ன சொல்லிச்சு? வெட்டிக் குடுக்கத் தனியாச் செலவாகுமாம். செலவ மிச்சம் புடிக்கேன்னு, ரெண்டரைக் கோடிப் பேரோட பேரு, பொறந்த தேதி, விலாசம், பேங்கு கணக்கு எல்லாத்தையும் ரெண்டே ரெண்டு சி.டி.யில அடக்கிட்டாவ. எடத்த எவ்வளவு சிக்கனமாப் புடிச்சிருக்காவ பாத்தியா!

பூட்டு? பாஸ்வேர்டு போட்டாவ, ஆனா உள்ள இருக்கத மறைச்சு எழுதல. கதவச் சாத்திக் கொண்டியப் போட்டுட்டு சுவத்தக் கட்டாம விட்டாச்சு. அனுப்புனது எப்படி? 2007 அக்டோபர்ல சாதாரண ஆபீசு தபால்ல. கையெழுத்து கெடையாது, பதிவு கெடையாது. போய்ச் சேரல. உடனே பதறித் தேடினாவளா? இன்னொரு பிரதி எடுத்து, இந்தத் தடவ பதிவுத் தபால்ல அனுப்பினாவ. அது போய்ச் சேர்ந்துட்டு. நவம்பர் 20-ஆம் தேதி நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் பார்லிமெண்டுல எந்திரிச்சு நின்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. இலாகாத் தலைவர் பால் கிரே ராசினாமா பண்ணினாரு. சி.டி. ரெண்டும் ஆம்புடவே இல்ல.

இதுல எந்த மெசினு கெட்டுப் போச்சு? எந்தக் கள்ளன் சன்னலேறிக் குதிச்சான்? ஒருத்தனும் இல்ல. "எங்களுக்கு இத்தனையும் எதுக்கு?"ன்னு தணிக்கைக்காரனே கேட்டுட்டான். வச்சிருந்தவன் கேக்கல.

படிச்சவங்க இத எப்பவோ எழுதி வச்சுட்டாவ. 1975-ல சால்ட்ஸர், ஷ்ரோடர்னு ரெண்டு அமெரிக்கப் பேராசிரியருங்க. அவனவன் சோலிக்கு எம்புட்டு உரிமை வேணுமோ அம்புட்டுதான் குடுக்கணும், ஒரு பொட்டு கூடக் கூடாது. பியூன் தொடங்கி பெரிய முதலாளி வரைக்கும். முதலாளிக்கும்தாம்லே. சம்பளப் பட்டியலத் திருத்துத உரிமை முதலாளிக்கு எதுக்கு? அவரு பாத்தாப் போதும்.

ஆனா நடக்கது என்ன? எம் பேரன் ஒருநாளு இதே திண்ணையில உக்காந்து லேப்டாப்புல மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தான். எதையோ தொறக்கணும், தொறக்கல. ரெண்டு நிமிசம் பாத்தான். அப்புறம் டக்குன்னு 'சிஹெச்மாட் 777'ன்னு தட்டினான். தொறந்துட்டு. மொகத்துல அப்படியொரு சந்தோசம். என்னலே அதுன்னு கேட்டேன். யுனிக்ஸுல படிக்க 4, எழுத 2, ஓட்ட 1, கூட்டினா 7. மொத ஏழு ஃபைலுக்குச் சொந்தக்காரனுக்கு, ரெண்டாவது அவன் கூட்டாளி கூட்டத்துக்கு, மூணாவது ஊரு ஒலகம் பூராத்துக்கும். "எல்லாரும் எல்லாமும் செய்யலாம் தாத்தா"ன்னான். சமதர்மம் இந்த நாட்டுல எங்க வந்துச்சோ இல்லையோ, கம்ப்யூட்டருக்குள்ள வந்துட்டு! சரி, சோலி முடிஞ்சதும் பழையபடி மாத்தினியாலேன்னு கேட்டேன். காப்பி எடுத்துட்டு வாரேன்னு உள்ள போனான்.

போனவன் சாவியையும் கேளு. 2021 மே மாசம் அமெரிக்காவுல கலோனியல் பைப்லைன்னு எண்ணெய்க் குழாய்க் கம்பெனி நாள்கணக்குல மூடிக் கெடந்துச்சு. கிழக்கு ஓரத்துல பெட்ரோலுக்கு வரிசை. கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து பணம் கேட்ட கள்ளன் எப்படி வந்தான்? யாருமே பொழங்காத பழைய கணக்கு ஒண்ணு தொறந்தே கெடந்திருக்கு. அதோட பாஸ்வேர்டு கைமாறிட்டு. செல்போனுக்கு நம்பரு வந்து ரெண்டாவது தடவ கேக்குதே, அந்தச் சோதனையும் அதுக்கு இல்ல. கேட்ட பணம், 75 பிட்காயின், குடுத்தாவ. ஒங்க கம்பெனியில போன வருசம் பெரிய கேக்கு வெட்டி, மாலை போட்டு, அழுது அனுப்பி வச்சியளே ஒருத்தன, அவன் கணக்க மூடியாச்சா? கேக்கு வாங்க ஆளு அனுப்பினிய. கணக்க மூட யார அனுப்பினிய?

இதெல்லாம் செய்ய மாட்டாவ. அதுக்குப் பதிலா ஒன்னயப் புடிச்சு மூணு மாசத்துக்கு ஒருக்கா பாஸ்வேர்ட மாத்தச் சொல்லுவாவ. பெரிய எழுத்து ஒண்ணு, எண்ணு ஒண்ணு, கொக்கி ஒண்ணு. நீ என்ன செய்யுத? 'முருகன்@1', அப்புறம் 'முருகன்@2'. கள்ளனுக்கு எண்ணத் தெரியாதா? இந்த முறைய 2003-ல அமெரிக்கத் தரநிலை நிறுவனத்துக்கு எழுதிக் குடுத்த பில் பர், அதுல முக்கால்வாசிய நெனைச்சு வருத்தப்படுதேன்னு 2017-ல பத்திரிகைக்குச் சொன்னாரு. அதே வருசம் அந்த நிறுவனமும் சும்மா சும்மா மாத்தச் சொல்லாதீங்க, களவு போச்சுன்னு தெரிஞ்சா மட்டும் மாத்துங்கன்னு புது விதி போட்டுட்டு. சொன்னவனே வாபஸ் வாங்கிட்டான். ஒங்க ஆபீசுக்கு இன்னும் தாக்கல் வரல போலுக்கு.

எடுத்தவன் பேரு பதியுதியளா? எங்க ரூமுல ஒரு கோப்பு வெளிய போனா, அது இருந்த எடத்துல ஒரு சீட்டு நிக்கும். யாரு, என்னைக்கு, என்ன காரியம். ஒங்ககிட்டயும் 'லாக்'ன்னு ஒண்ணு எழுதிக்கிட்டேதான் இருக்கு. நெறஞ்சு வழியுது. படிக்க ஆளு யாரு? ராத்திரி மூணு மணிக்கு கணக்குப் பிரிவு ஆளு ஆராய்ச்சிப் பிரிவு ஃபைல் எல்லாத்தையும் அள்ளினா, காலையில ஒருத்தன் போன் போட்டு "எதுக்குய்யா?"ன்னு கேக்கணும். அதுக்கு ஆளு இல்லைன்னா அந்தப் பதிவேடும் எடத்த அடைக்க குப்பைதான்.

கடைசி சங்கதி, மாத்துப் பிரதி. இதுல ரெண்டு கூட்டம் இருக்கு. ஒரு கூட்டம் பிரதியே எடுக்காது. இன்னொண்ணு எடுக்கும், எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்டுரும்.

ரெண்டாவது கூட்டத்த மொதல்ல சொல்லுதேன். மேர்ஸ்க்னு டென்மார்க் கப்பல் கம்பெனி. உள்ள வாறவன் யாரு, அவனுக்கு எதத் தொறக்கலாம்னு முடிவு பண்ணுத சர்வரு ஒலகம் பூரா சுமார் 150 வச்சிருந்தாவ. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கேன்னு தெம்பு. ஒண்ணுல எழுதுனது எல்லாத்துலயும் தானா ஏறிக்கிடும். 2017 ஜூன்ல நாட்பெட்யான்னு ஒரு நாசகாரக் கிருமி வந்துச்சு. மொத்தமும் ஒரே நேரத்துல காலி. ஒண்ணே ஒண்ணுதான் தப்பிச்சுது. எங்க? ஆப்பிரிக்காவுல கானா நாட்டுல. எப்படி? அந்நேரம் அங்ஙன கரண்டு கட்டு! கரண்டு கட்ட ஏசாத நாளு நமக்குண்டா? அங்ஙன கோடிகள காப்பாத்தினது அதுதான். பொறவு அதுல இருந்தத இங்கிலாந்துக்கு அனுப்ப கானாவுல இணைய வேகம் பத்தல. டிஸ்கக் கையில கொண்டாங்கன்னா, அங்ஙன உள்ளவங்களுக்கு இங்கிலாந்து விசா இல்ல. ஒருத்தர் நைஜீரியா வரைக்கும் பறந்து, ஏர்போர்ட்டுல இன்னொருத்தர் கையில குடுத்து, அவரு லண்டனுக்குக் கொண்டு போய்ச் சேத்தாரு. அதுலேருந்துதான் மறுபடி எழுந்திரிச்சாவ. 4,000 சர்வரு, 45,000 கம்ப்யூட்டரு புதுசா ஏத்தினாவ.

மொதக் கூட்டத்துக்கு தென்கொரியாவப் பாரு. கம்ப்யூட்டர் வித்தையில புலிங்க. அரசு ஊழியருக்கெல்லாம் ஜி-டிரைவ்னு ஒண்ணு. ஆளுக்கு 30 ஜி.பி. சொந்த மெசின்ல எதையும் வைக்காத, எல்லாத்தையும் இங்ஙன வையின்னு உத்தரவு. நல்ல உத்தரவுதான். 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி டேஜான் ஊர்ல அரசு தரவு மையத்துல பேட்டரி தீப்புடிச்சுது. ஜி-டிரைவ் 858 டெராபைட்டும் சாம்பல். மாத்துப் பிரதி எங்கன்னு கேட்டா, ரொம்பப் பெருசா இருந்ததுனால வெளிய எடுத்து வைக்கலைன்னு பதில்.

பெருசா? எம் பேரன்கிட்ட கேட்டேன். 20 டெராபைட் டிஸ்கு கடையிலயே கெடைக்காம். வகுத்துப் பாரு. நாப்பத்திமூணு டிஸ்கு. ஒரு ஆட்டோவுல ஏத்திரலாம், பக்கத்துல டிரைவரு டீ குடிக்கவும் எடமிருக்கும். அத வேற ஊர்ல வச்சு நாளுக்கு நாளு புதுப்பிக்கது லேசுப்பட்ட சோலி இல்லதான், ஒத்துக்கிடுதேன். ஆனா, அந்த 858-ல ஆயுசு முடிஞ்சது எம்புட்டு, ஒரே படம் ஆயிரம் தடவ கெடந்தது எம்புட்டுன்னு யாராவது என்னைக்காவது கேட்டிருப்பாவளா? கழிச்சிருந்தா இன்னும் கொஞ்சந்தான் மிஞ்சியிருக்கும். கொஞ்சம்னா எடுத்து வச்சிருப்பான். எடச் சிக்கனத்தையும் பாதுகாப்பையும் வேற வேற பிரிவுக்குக் குடுத்து, வேற வேற மாடியில உக்கார வைக்காவளே, அவங்களுக்கு இதச் சொல்லு.

சரி, பொழுது சாயுது. நீ பஸ்ஸப் புடி. திங்கக்கெழமை ஆபீசுக்குப் போனதும் அந்த மெசினுக்கு மாலை போட்டு மஞ்சள் குங்குமம் வைக்கதுக்கு முன்னால ஒரு சோலி பண்ணு. போன வருசம் அழிஞ்சு போன ஏதாவது ஒரு ஃபைலச் சொல்லி, "இத மாத்துப் பிரதியிலேருந்து இப்ப எடுத்துக் காட்டுங்க"ன்னு பைய கேளு. பத்து நிமிசத்துல எடுத்துக் காட்டினா, அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் கூட்டச் சொல்லு. "டிக்கெட் போடுங்க, அப்ரூவல் வாங்குங்க, வென்டர்கிட்ட பேசுதோம்"னு இழுத்தா, கோடி ரூவாய்க்கு நீங்க வாங்கினது அந்தத் தண்ணி பாட்டிலு மட்டுந்தான்.